நான் பார்க்காத சென்றி

நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து பூங்காவுக்குப் போகிற வழியில் ஒரு பெரிய இரும்புக் கேற் இருக்கிறது. அதற்குப் பின்னால் செங்கல் கட்டடங்கள், வரிசையாகப் பச்சை லொறிகள், ஒரு கொடிக்கம்பம். ஜெர்மன்காரர் இதைக் கசேர்ண என்பார்கள். படைமுகாம். உள்ளே இருப்பது ஜெர்மன் படை இல்லை, இங்கிலாந்துப் படை. பெரிய உலகச் சண்டையில் வென்று உள்ளே வந்தவர்கள், நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இங்கேதான் இருக்கிறார்கள். கேற் வாசலில் துவக்கோடு ஒரு சிப்பாய் நிற்பான். அவனுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஹாண்டிலில் கைவைக்காமல் சைக்கிள் ஓடிக்கொண்டு போகும். தபால்காரர் விசிலடித்தபடி போவார். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிற கிழவிகள்கூட அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஒருவன்தான் கேற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சைக்கிளால் இறங்கி, குளிருக்குப் போட்ட தொப்பியையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உருட்டிக்கொண்டு நடப்பேன். கேற்றைத் தாண்டினால் ஒரு மரம் வரும். அந்த மரத்தடியில் திரும்ப ஏறுவேன்.

ஒரு நாள் காலை அப்படி உருட்டிக்கொண்டு போகும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இடுப்பு நோவோடு சாய்ந்து சாய்ந்து நடக்கிற ஒரு அம்மா, கையில் காத்துப் பம்போடு தெருவைக் கடந்து வந்தார். அவர்தான் ஃப்றவ் பெக்கர். எங்கள் ஹைமுக்கு, அதுதான் அகதிகளை வைத்திருக்கிற விடுதிக்கு, பழைய உடுப்பும் கேக்கும் கொண்டு வருகிறவர். முன்னமே முகம் தெரியும்.

“கபுட்?” என்றார். பழுதா என்று கேட்கிறார்.

“நைன், நைன்” என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. குனிந்து முன் ரயரை ஒருக்கால், பின் ரயரை ஒருக்கால் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். இரண்டும் கல்லுப் போல இருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சைக்கிள் கடையில் வளர்ந்தவன் நான். காத்துப் போன சைக்கிளை நான் தெருவில் இறக்குவேனா? ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் இல்லை. என் ஜெர்மன் பாண், மழை, தெர்மீன் என்கிற அளவில் நின்றுவிட்டது. தெர்மீன் என்றால் அரசாங்கக் கந்தோர்க்காரர் வரச் சொல்கிற நாள். ஃப்றவ் பெக்கர் காய்ச்சல் இல்லாத நோயாளியைப் பார்க்கிற தாதி மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ரயருக்கும் இன்னும் கொஞ்சம் காத்தடித்துவிட்டார். ரியூப் வெடிக்கப் போகிறது, அந்தச் சத்தத்துக்கு சிப்பாய் துவக்கை நீட்டப் போகிறான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெடிக்கவில்லை. சிப்பாய் கொட்டாவி விட்டான்.

ஏன் இறங்கினேன் என்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே என்னோடு இருப்பவர்களுக்கும் பிறகு வரப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்.

எண்பத்தேழு ஆடியில் இந்தியாவிலிருந்து அமைதி காக்கவென்று படை இலங்கையில் எங்கள் ஊருக்கு வந்தபோது, நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹைமில் இருந்த ஒரேயொரு தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லாரும் குந்தியிருந்தோம். எங்கள் சனம் சிப்பாய்மாருக்கு மாலை போட்டது. இளநீர் வெட்டிக் கொடுத்தது. சின்னப் பிள்ளைகள் ஜீப்பில் தொங்கின. அடுத்த நாளே ஃப்றவ் பெக்கர் செரிப்பழக் கேக்கோடு வந்துவிட்டார். “ஃப்றீடன்! ஃப்றீடன்!” என்று எல்லாருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். சமாதானம், சமாதானம். பிறகு என்னிடம் எப்போது வீட்டுக்குப் போகிறாய் என்று கையால் விமானம் பறக்கிற மாதிரிக் காட்டிக் கேட்டார். அவருக்குச் சந்தோசம். எனக்கு அப்போதே ஒரு யோசனை. போட்ட மாலை வாடின பிறகு என்ன நடக்கும்? என் குணம் அப்படி. பால் பொங்கினால் அடுப்பு அணையுமே என்று பார்க்கிற ஆள் நான்.

“அண்ணை, இது நல்லா முடியுமோ?” என்று குலம் அண்ணையைக் கேட்டேன். அவர் என் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், எங்களுக்குள் மூத்தவர், வாய்க்காரர்.

“டேய், கேக்கைத் தின். நீ வாயைத் திறந்தாலே உருப்படாது” என்றார்.

ஐப்பசியில் சண்டை தொடங்கிவிட்டது. வந்த படைக்கும் எங்கள் இயக்கப் பொடியளுக்கும். ஊரெல்லாம் ஊரடங்கு, ஷெல், கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சனம். அதே தொலைக்காட்சியில் அதையும் காட்டினார்கள், மாலை போட்டதைக் காட்டின நேரத்தில் கால்வாசி. இந்த முறை ஃப்றவ் பெக்கர் கேக் கொண்டு வரவில்லை. வந்து என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

சண்டை ஓய்ந்து, ஊரில் சந்திக்குச் சந்தி காவலரண் வந்துவிட்டதென்று மாரியில் அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சென்றி என்று எங்கள் சனம் அதற்குப் பேர் வைத்துவிட்டது. சைக்கிளில் போகிறவர்கள் சென்றிக்கு முன்னால் இறங்க வேண்டும், உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும், தாண்டிய பிறகுதான் ஏறலாம். இறங்காவிட்டால் கத்துவார்கள். கத்தியும் நிற்காமல் போனால் என்ன நடக்கும் என்று எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குத் தலையிடி அங்கேதான் தொடங்கியது. என் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா அரிசி மில்லில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வேலை செய்து செய்து காது மந்தமாகிப் போனவர். ஆனால் காது கேட்காது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாங்கள் மெல்லக் கதைக்கிறோமாம். மில்லை விட்ட பிறகு மரக்கறி மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவார். சைக்கிளில் ஏறினால் வீடு வரும்வரை இறங்க மாட்டார். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப் போகும். வீட்டில் இருங்கோ ஐயா என்று யார் சொன்னாலும் அது அவர் காதில் ஏறாது. அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் தெரியாத பாஷையில் ஒருவன் நில் என்று கத்துகிறான். இதைத்தான் நான் பகல் முழுக்கப் பூங்கா வேலையில் இலை கூட்டிக்கொண்டு மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அப்படி ஒருநாள் கசேர்ண வாசலைக் கடக்கும்போது கால் தானாக இறங்கியது. இறங்கினதும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் இங்கே இறங்கினால் ஐயா அங்கே இறங்குவார். கோயில் இல்லாத ஊரில் இப்படித்தான் நேர்த்திக்கடன் வைக்க முடியும். அதற்குப் பிறகு இறங்காமல் போக எனக்குத் துணிவில்லை. நான் பார்க்காத ஒரு சென்றிக்காக, எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு வெள்ளைக்காரப் பொடியனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினேன்.

குலம் அண்ணைக்குத் தெரிந்துவிட்டது. “இங்கிலீசுக்காரன் எங்கட நாட்டை விட்டுப் போய் நாப்பது வருஷம். அவனுக்கு எங்கட பரம்பரையில கடைசியாச் சைக்கிளால இறங்கினவன் நீதான்ரா. படமெடுத்து மாட்டோணும்” என்றார். சமையலறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளும் இறங்கினேன்.

பம்போடு வந்த நாளுக்குப் பிறகு ஃப்றவ் பெக்கர் என்னைக் கோப்பி குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். குசினி மேசையில் ஒருவர் சேட்டுக் கையை மடித்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தன் மருமகன் என்றார் ஃப்றவ் பெக்கர். பெயர் டேவிட். கதிரையின் முதுகில் தொங்கின சட்டையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். முன்னால் உள்ள கசேர்ண உடுப்பு! கேற்றுக்கு உள்ளே நிற்க வேண்டியவர் மாமியார் வீட்டில் கிழங்கு உரிக்கிறார். ஃப்றவ் பெக்கர் யன்னலால் கையை நீட்டி, அந்தப் பெரிய சண்டையில் இந்தத் தெரு முழுக்க எரிந்தது என்றார். வானத்தைக் காட்டினார், மருமகனைக் காட்டினார், இவங்களுடைய விமானங்கள் என்றார். டேவிட் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கிழங்கை எடுத்தார். அவர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டார்.

எப்படி, என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது. “வீ?” என்றேன். அவர் விரல் மடித்துச் சொன்னார், எனக்கு விளங்க வேண்டுமென்று நடித்தும் காட்டினார். முதலில் அவங்கள் எங்களோடு கதைக்கக் கூடாதென்று கட்டளை. பிறகு பிள்ளைகளுக்குச் சொக்கிளேற். பிறகு பெட்டையளோடு நடனம். பிறகு கலியாணம். இத்தனைக்கும் நடுவில் எவ்வளவு நாள் பசி, எவ்வளவு வெறுப்பு என்று நடிக்க அவரால் முடியவில்லை. கையை விரித்துவிட்டார்.

“நீங்கள் அப்ப சைக்கிளால இறங்கினனீங்களோ?” என்று அரை ஜெர்மனும் அரைக் கையுமாகக் கேட்டேன். எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது.

“எங்களிடம் சைக்கிள் இருக்கவில்லை. ஒரு சிப்பாய் அதில் ஏறி ஓடிக்கொண்டு போய்விட்டான். எந்த நாட்டுக்காரன் என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை” என்றார். டேவிட் சிரித்துவிட்டார். பிறகு அவரும் சிரித்தார். எரிந்த தெருவில் இருந்துகொண்டு, எரித்த படையின் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கிற ஒரு மனிசியை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பி ஆறிப்போனது.

அதைவிடப் பெரிய அதிசயம் ஈஸ்டருக்கு நடந்தது. லீவு நாள் என்றாலும் கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு யோசனை கூடிவிடும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கசேர்ண வாசலில் சனக்கூட்டம். கேற்றை மறித்துத் தெருவில் பாய் விரித்து இருக்கிறார்கள். கிழவர்கள், தாய்மார், தள்ளுவண்டிலில் குழந்தைகள். அணுகுண்டும் வேண்டாம், யுத்த ராங்கியும் வேண்டாம் என்று பதாகைகள். ஒரு பக்கத்தில் பொலிஸ் வாகனங்கள். படைமுகாமுக்கு முன்னால் சனம் கூடினால் பிறகு என்ன வரும் என்று எனக்கு ஒரேயொரு முடிவுதான் தெரியும். மதிலோரம் ஒதுங்கினேன். அப்போதுதான் முன்வரிசையில் ஃப்றவ் பெக்கரைக் கண்டேன். மடியில் கோப்பிப் போத்தல். கேற்றுக்கு உள்ளே, உடுப்பு மாட்டிக்கொண்டு டேவிட்.

“ஆறு மணிக்குச் சாப்பாடு, பிந்தாதே!” என்று ஃப்றவ் பெக்கர் கேற் கம்பியூடாகக் கத்தினார். டேவிட் தலையாட்டினார்.

பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். குனிந்து, ஃப்றவ் பெக்கரை எழும்பச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். அவர் கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை நின்றார்கள். பிறகு கலியாண வீட்டில் நடனத்துக்குக் கேட்பது போல ஏதோ சொல்லி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். “இடுப்பு, இடுப்பு, கவனம்!” என்று அவர் அவர்களை ஏசினார். நடைபாதையில் மெல்ல இருத்தினார்கள். ஒருவன் ஓடிப்போய் அவருடைய கைப்பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். அவன் திரும்பினதும் ஃப்றவ் பெக்கர் எழும்பி, சாய்ந்து சாய்ந்து நடந்து போய், பழைய இடத்திலேயே இருந்தார்.

எங்கள் ஊர்ச் சனத்துக்கு இதைக் காட்ட வேண்டுமே என்று நினைத்தேன். துவக்குக்கு முன்னால் மனிசர் இப்படியும் இருக்கலாம் என்று யாராவது எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாலும் நம்பியிருக்க மாட்டோம். தூக்குகிற கைகளும் அப்படி இருக்க வேண்டுமே.

நான் வழக்கம் போல் தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு மதிலோரமாக நழுவினேன். ஃப்றவ் பெக்கர் கண்டுவிட்டார். கூட்டத்துக்கு என்னைக் காட்டி ஏதோ உரத்துச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. இலங்கையிலிருந்து வந்த இந்த இளைஞன் படைமுகாமுக்கு எதிராகத் தினமும் இந்த வாசலில் இறங்கி நடந்து, மௌனமாக எதிர்ப்புக் காட்டுகிறான் என்று சொல்லியிருக்கிறார்! ஒரு தாடிக்காரர் எழும்பி வந்து வெள்ளைப் புறா போட்ட வில்லையை என் கோட்டில் குத்திவிட்டார். பொலிஸ்காரன் ஒருவனும் என்னைப் பார்த்தான்.

ஹைமுக்கு ஓடி வந்து வில்லையைச் சப்பாத்துக்குள் ஒளித்தேன். என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆர்ப்பாட்டக்காரன் என்று எழுதி, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்?

“ஊரில ஒரு ஊர்வலத்துக்கும் போகாதவன், இஞ்ச வந்து நேட்டோவை எதிர்க்கிறான்” என்றார் குலம் அண்ணை. “இனிமேலாவது இறங்காமப் போவன்ரா.”

“ஏலாது அண்ணை.”

“ஏன் ஏலாது?”

ஐயாவைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப இறங்கு” என்றார். “செயின் கழண்ட மாதிரி நடி. குனிஞ்சு பாத்துப் பாத்து உருட்டு. ஆர்ப்பாட்டமும் இல்லை, நேர்த்தியும் தப்பாது.”

அப்படியே செய்தேன். செயினைக் குனிந்து பார்த்தபடி கேற்றைக் கடந்தேன். அந்தக் கிழமையே ஃப்றவ் பெக்கர் எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார்.

கோடை வந்தது. ஹைமுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். தவம் என்று பேர். எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்துக் குறிச்சி. சமையலறையில் வைத்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் மில் சோமரின்ர மகனோ?”

ஓம் என்றேன். அகப்பையைக் கீழே வைத்தேன். அடுத்த கேள்வியைக் குலம் அண்ணைதான் கேட்டார்.

“மனிசன் இருக்கிறாரோ?”

“இருக்கிறாரோவோ? ஊரே அவையளைத்தானே பாக்குது!”

“அவையளை எண்டா?”

“சோமரும் பெஞ்சாதியும். சோமர் சைக்கிள் ஓட, அவ கரியரில.”

“அம்மாவோ? சைக்கிளிலயோ?” என்றேன். அம்மா ஐயாவுக்குப் பக்கத்தில் நடந்ததையே நான் கண்டதில்லை. கோயிலுக்குப் போனாலும் அவர் முன்னால் போக, இவ பத்தடி பின்னால் வருவா. வீட்டில் ஆட்கள் வந்தால் ஐயா இருக்கிற விறாந்தைப் பக்கம் தலை காட்ட மாட்டா.

“ஓமண்ணை. மரக்கறி மூட்டை முன்னுக்குப் பாரில. அவ பின்னுக்கு, சீலைத் தலைப்பால தலையை மூடிக்கொண்டு. சென்றிக்குக் கிட்ட வந்தவுடன மனிசன்ர இடுப்பில ஒரு கிள்ளு. மனிசன் ‘ஆ’ எண்டு கத்திக்கொண்டு இறங்கும். சென்றி தாண்டினவுடன திருப்பி ஏறும். அடுத்த சென்றி, அடுத்த கிள்ளு. சந்தைக்குப் போய்ச் சேர மனிசன்ர இடுப்பு புண்ணாயிருக்கும்.”

குலம் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். தவம் இன்னும் உசாராகிவிட்டார்.

“இன்னும் கேளுங்கோ. ஒருக்கால் சென்றியில நிண்ட ஆமிக்காரன் அவ கிள்ளுறதைக் கண்டிட்டான். அவனுக்கும் சிரிப்பு வந்திட்டுது. இப்ப தூரத்தில அவையளைக் கண்டவுடன அவனே தன்ர இடுப்பைக் கிள்ளிக் காட்டுறான். இறங்கு எண்டு.”

சோறு அடிப்பிடித்து மணந்தது. ஒருவரும் எழும்பவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தேர் அசையத் தொடங்கும்போது கூட்டத்தில் ஒரு கணம் எல்லாரும் வாயடைத்து நிற்பார்களே, அப்படி இருந்தது. ஒருவரும் பார்க்காத இடத்திலும் புருசனைத் தொட வெட்கப்பட்ட மனிசி, ஊர் பார்க்க, பட்டாளம் பார்க்க, அவருடைய இடுப்பில் கைவைத்துக்கொண்டு போகிறா. காது கேளாது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனிதர், அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு இறங்குகிறார். மொழி தெரியாத எவனோ ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் இடுப்பைத் தானே கிள்ளுகிறான். இவ்வளவும் நடந்திருக்கிறது. நான் இங்கே இறங்கினதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஐயாவை நான்தான் இங்கிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மாரி முழுக்க நினைத்திருந்தேன். அவர்கள் நானில்லாமலே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நிம்மதிதான். ஆனாலும் கையில் பாரத்தோடு வந்தவனிடமிருந்து அதை வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தின மாதிரியும் இருந்தது.

“இனி நீ இறங்கத் தேவையில்லை” என்றார் குலம் அண்ணை மெதுவாக. “அந்த வேலையைக் கொம்மா பாக்கிறா.”

அடுத்த நாள் காலை தொப்பியைக் கழற்றாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஓடிக் கடப்பதென்று தீர்மானித்துத்தான் போனேன். கசேர்ண கேற் தெரிந்தது. வழக்கமாக இறங்குகிற இடம் வந்தது. வேகம் பிடித்தேன். சரியாக அந்த இடத்தில் என் இடுப்பின் இடது பக்கம் ஒரு கிள்ளு விழுந்தது. பொய் இல்லை, உணர்ந்தேன். வலது கால் தானாகப் பெடலை விட்டுத் தெருவுக்குப் போனது. இடது கால் மாட்டேன் என்று பெடலிலேயே நின்றது. எதிர்வீட்டு யன்னல் திறந்தது. ஃப்றவ் பெக்கர் பம்மைத் தூக்கிக் காட்டி, வரட்டுமா என்று தலையால் கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தேன். அது தனக்கு என்று நினைத்துக் காவலுக்கு நின்ற சிப்பாயும் கையசைத்தான்.

இப்போது எண்பத்தொன்பது. ஊருக்கு வந்த படை திரும்பிப் போகப் போகிறதென்று வானொலியில் சொல்கிறார்கள். போன பிறகு அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்றவ் பெக்கரின் யன்னல் என்னைப் பற்றி எந்த முடிவுக்கும் இன்னும் வரவில்லை. நானும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு கால் பெடலில் இருக்க, மற்றக் கால் தெருவைத் தொட்டுத் தொட்டு வர, அந்தக் கேற்றை நான் தினமும் அப்படியே கடக்கிறேன்.